மண்ணுக்குள் ஒரு கொலு
சென்னீர்குப்பத்திலிருந்து எழும்பூர் வரை: கல்லறைப் பொம்மைகளைத் தேடி ஒரு நாள் பயணம்

பூந்தமல்லி பைபாஸில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால், சென்னை எப்படி விழித்துக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும். பெங்களூரு பக்கமிருந்து வரும் கன்டெய்னர் லாரிகள், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள், ஆவடி ரோட்டில் திரும்பக் காத்திருக்கும் ஷேர் ஆட்டோக்கள், நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுடன் ஸ்கூட்டர்கள். இந்தச் சந்தடியை ஒட்டித்தான் இருக்கிறது சென்னீர்குப்பம்.

பெயரில் நீர் இருக்கிறது, குப்பம் இருக்கிறது. இன்றைக்குக் கண்ணில் படுவதோ அடுக்குமாடி வீடுகளும் குடோன்களும் பட்டறைகளும்தான். எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கும். செங்கல் அடுக்கு, எம்-சாண்ட் குவியல், அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும் ஜேசிபி. அந்தக் குழியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணம் முடிகிற இடமும் அதுதான்.

புது வீடு என்றால் வரவேற்பறையில் ஒரு ஷோகேஸ் இருக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பிள்ளைகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை, சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த சாவிக்கொத்து. சில வீடுகளில் இவற்றோடு பளபளப்பான ஒரு பீங்கான் குதிரையும் நிற்கும். உடம்பில் பழுப்பும் பச்சையும் வெண்மையும் ஒன்றோடொன்று கலந்து, ஐஸ்கிரீம் உருகியதுபோல வழிந்திருக்கும். பரிசுப் பொருள் கடையில் வாங்கியது என்பார்கள். குதிரை வைத்தால் வீட்டுக்கு நல்லது என்று யாரோ சொன்னதும் ஒரு காரணமாக இருக்கும்.

அந்தக் குதிரையின் மூதாதை எங்கே நின்றது தெரியுமா? இறந்துபோன ஒருவரின் கல்லறைக்குள்.

பயந்து உடனே ஷோகேஸைக் காலி செய்ய வேண்டாம். கடைக் குதிரை வெறும் நகல்தான். ஆனால் அசல் குதிரையின் கதையைக் கேட்டால், சென்னீர்குப்பத்திலிருந்து பஸ் ஏறி ஓர் இடத்துக்குப் போய்வரத் தோன்றும்.

மூன்று வண்ணம்

சீனாவில் தாங் அரச மரபு ஆண்ட காலம் கி.பி. 618 முதல் 907 வரை. நம் ஊரில் காஞ்சியைப் பல்லவர்கள் ஆண்ட காலமும் ஏறத்தாழ அதுதான். அந்தச் சீனாவில் பெரிய மனிதர் ஒருவர் இறந்தால், அவரோடு ஒரு பொம்மைப் பரிவாரத்தையே புதைப்பார்கள். குதிரை, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குதிரைக்காரர், இரட்டைத் திமில் ஒட்டகம், அதை ஓட்டிவந்த தாடிக்கார அயல்நாட்டு வியாபாரி, கொண்டை போட்ட பெண்கள், வாத்தியக்காரர்கள், அதிகாரிகள், கல்லறை வாசலைக் காக்கும் கோர முகம் கொண்ட பூதங்கள்.

நவராத்திரி கொலுவைக் கற்பனை செய்துகொண்டால் புரிந்துவிடும். கல்யாண செட், கச்சேரி செட், கடை விரித்த செட்டியார் பொம்மை என்று ஒரு வாழ்க்கையையே படியில் அடுக்குகிறோம் இல்லையா? அவர்கள் அதை மண்ணுக்குள் அடுக்கினார்கள். உயிரோடு இருந்தபோது சுற்றி நின்றவர்கள் எல்லோரும், போன பிறகும் துணைக்கு இருக்க வேண்டும் என்ற ஆசை.

அந்த ஆசைக்கும் அரசு ஒரு கணக்கு வைத்திருந்தது. முதல் மூன்று படிநிலை அதிகாரிகளுக்கு 90 பொம்மைகள், ஐந்தாம் படி வரை 60, ஒன்பதாம் படி வரை 40 என்று வரம்பு. உயரத்துக்கும் அளவு உண்டு. கல்யாணப் பத்திரிகையிலும் பந்தலிலும் காட்டுகிற பவிசை அவர்கள் சாவு ஊர்வலத்தில் காட்டினார்கள். வரம்பை மீறியவர்களும் நிறைய.

இந்தப் பொம்மைகளின் பளபளப்புக்குச் சீன மொழியில் ‘சான்சாய்’ என்று பெயர். மூன்று வண்ணம் என்று பொருள். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் மேல் கண்ணாடிபோல ஒரு பூச்சு இருக்குமே, அதே வகை வேலைதான். ஆனால் ஊறுகாய் ஜாடி கடும் சூட்டில் சுட்டு எடுத்தது. சான்சாய் அவ்வளவு சூடு காணாத மண்பாண்டம்.

வெளிர் நிறக் களிமண்ணை அச்சில் அழுத்தி, தலை, உடம்பு, கால் என்று தனித்தனியாக எடுத்து ஒட்டுவார்கள். ஒருமுறை சூளையில் சுடுவார்கள். பிறகு ஈயம் கலந்த பூச்சைத் தடவி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். பூச்சில் செம்பு கலந்தால் பச்சை, இரும்பு கலந்தால் தேன் பழுப்பு, எதுவும் கலக்காவிட்டால் பாலாடை நிறம். அருமையாகச் சில பொம்மைகளில் நீலமும் உண்டு. அது கோபால்ட் தந்தது. ஈயப் பூச்சு சூட்டில் இளகி ஓடும் குணம் உடையது. அதனால்தான் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் வழிந்து நிற்கிறது. முகத்தில் மட்டும் பெரும்பாலும் பூச்சு இருக்காது. கண், மீசை, உதட்டுச் சிவப்பு எல்லாம் கையால் தீட்டியவை.

ஈயம் இருப்பதால் சாப்பாட்டுக்கு இது ஆகாது. தண்ணீர் ஊற்றிவைக்கவும் உறுதி போதாது. செய்தவர்களுக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை; பெரும்பாலானவை நேராக மண்ணுக்குள் போவதற்கென்றே செய்யப்பட்டவை. தெக்கத்தி கிராமங்களில் வேளார்கள் அய்யனாருக்குச் செய்யும் மண் குதிரையும் அப்படித்தானே! அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கோயிலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். மழையிலும் வெயிலிலும் அது தானாகக் கரையும்.

ரயில் பாதை தோண்டிய கொலு

சீனர்கள் இந்தப் பொம்மைகளை நெடுங்காலம் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. செத்தவர் சொத்து, வீட்டுக்கு ஆகாது என்ற எண்ணம். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் அவை மண்ணுக்குள்ளேயே கிடந்தன.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுவோயாங் நகரம் வழியாக ரயில் பாதை போட்டார்கள். மண்ணை வெட்ட வெட்டக் கல்லறைகள் திறந்துகொண்டன. உள்ளே குதிரையும் ஒட்டகமும் நின்றன. அவை பெய்ஜிங் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. லுவோ சென்யூ போன்ற சீன அறிஞர்கள் சிலர் அவற்றின் அருமையை உணர்ந்து வாங்கினார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். லண்டன், பாரிஸ், நியூயார்க் பணக்காரர் வீடுகளில் தாங் குதிரை வைத்திருப்பது பெருமையானது.

விலையும் ஏறியது. 1989-இல் பிரிட்டிஷ் ரயில்வே ஊழியர் ஓய்வூதிய நிதி முதலீடாக வாங்கி வைத்திருந்த ஒரு தாங் குதிரை, லண்டன் ஏலத்தில் 37 லட்சம் பவுண்டுக்கும் மேல் போனது. ரயில் பாதை போட்டபோது வெளியே வந்த ஒரு வகைப் பொம்மை, ரயில்வேக்காரர்களின் பென்ஷனுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தது வேடிக்கைதான்.

காசு ஏறியதும் போலிகளும் வந்தன. லுவோயாங்குக்குப் பக்கத்தில் நான்ஷிஷான் என்ற கிராமத்தில் சான்சாய் நகல் செய்வது இன்று பெரிய தொழில். நகல் என்று சொல்லி விற்றால் அது கைத்தொழில். அசல் என்று சொல்லி விற்றால் மோசடி. இரண்டையும் பிரித்துச் சொல்லச் சோதனைச்சாலையில் ஒரு வழி உண்டு. பொம்மையின் அடியில் சிட்டிகை மண்ணைத் துளைத்து எடுத்துச் சூடு காட்டினால் அது மெல்ல ஒளிரும். கடைசியாகச் சூளையில் வெந்து எத்தனை காலம் ஆனது என்பதை அந்த ஒளியின் அளவு சொல்லும். மோசடிக்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். உடைந்த பழைய மண்பாண்டத் துண்டுகளைச் சேர்த்துப் புதுப் பொம்மை செய்தார்கள்!

இரண்டு பொம்மைக் கூட்டங்களை ஒப்பிட்டால் ஒரு விஷயம் விளங்கும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆளுயரத்தில் பாதிக்கும் மேல் நிற்கும் 13 பொம்மைகள் இருக்கின்றன. கி.பி. 728-இல் இறந்த லியூ திங்சுன் என்ற தளபதியின் கல்லறையிலிருந்து வந்தவை என்று சொல்கிறார்கள். அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவை கடை வழியாகக் கைமாறி வந்தவை. உள்ளே எது எதற்குப் பக்கத்தில் நின்றது, எது வாசலைப் பார்த்தது, இன்னும் என்னவெல்லாம் இருந்தன என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இன்னொரு பக்கம், சியான் நகரில் 1957-இல் அகழாய்வாளர்கள் முறையாகத் திறந்த சியான்யூ திங்ஹுய் என்பவரின் கல்லறை. கி.பி. 723-ஆம் ஆண்டுக் கல்லறை அது. அங்கே கிடைத்த ஓர் ஒட்டகத்தின் முதுகில் ஒரு குட்டிக் கச்சேரியே நடக்கிறது. வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒருவர் நின்று ஆடுகிறார். ஆள் யார், ஆண்டு எது, கூடக் கிடந்தவை எவை எல்லாம் தெரியும். அதனால் அந்த ஒட்டகம் பேசுகிறது. மற்றவை அழகாக, பேசாமல் நிற்கின்றன.

சரி, இதெல்லாம் சீனத்துக் கதை. நம் ஊரில் இப்படி உண்டா?

உண்டு. அதற்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில்

சென்னீர்குப்பத்தை ஒட்டிப் போகும் அந்தப் பெருஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே போனால் போதும். வேலப்பன்சாவடி, வானகரம், மதுரவாயல், நெற்குன்றம், கோயம்பேடு, அமைந்தகரை, கீழ்ப்பாக்கம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கோயம்பேடு வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ என்றும் போகலாம். வெயிலும் டிராஃபிக்கும் மிச்சம்.

இறங்க வேண்டிய இடம் எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம். பழைய ஆட்களுக்கு இன்றும் அது ‘செத்த காலேஜ்’தான். உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சி சாலை, செத்த காலேஜ் என்றால் மியூசியம். 1851-இல் தொடங்கியது. 1854 முதல் இந்த வளாகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கூட்டமெல்லாம் வழக்கமாகத் திமிங்கல எலும்புக்கூட்டுக்கும் நடராஜர் செப்புச் சிலைகளுக்கும் போகும். தொல்பழங்காலப் பொருட்கள் இருக்கும் பக்கம் சந்தடி குறைவு. நமக்கு வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

நீலகிரி எருமை

நீலகிரி மலைமேல் ஆங்காங்கே வட்டமாகக் கல் அடுக்கிய பழைய ஈமக்குழிகள் உண்டு. சில, உறை இறக்காத கிணறு மாதிரி இருக்கும். அவற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வளையம் வளையமாக உயர்ந்து நிற்கும் மண் ஜாடிகளை வைத்தார்கள். ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு மூடி. அந்த மூடியின் உச்சியில் ஒரு பொம்மை.

எருமை, குதிரை, யானை, ஆடு, சிறுத்தை, பறவை. குதிரைமேல் ஏறிய வீரர். ஆண்கள், பெண்கள். உள்ளங்கையில் அடங்கும் உருவங்கள். கண்ணுக்கு ஒரு பொட்டு, மூக்குக்கு ஒரு கிள்ளல். பளபளப்புப் பூச்சு கிடையாது. அச்சும் கிடையாது, எல்லாம் விரல் வேலை. வீட்டில் பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிசையும்போது, மிச்ச மண்ணில் குழந்தைகள் ஒரு எலி செய்து வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு எளிமை.

ஆனால் வேலையின் நோக்கம் ஒன்றுதான். அங்கே ஒட்டகம், இங்கே எருமை. அங்கே பட்டுப்பாதை வியாபாரி, இங்கே மலைமேல் மேய்ச்சல்காரரும் வேட்டைக்காரரும். பிரிந்து போகிறவரோடு அவருடைய உலகத்தையும் கொஞ்சம் அனுப்பிவைக்கிற மனசு.

இவை எழும்பூருக்கு எப்படி வந்தன? 1847-லேயே காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி இந்தக் குழிகளைத் திறந்து பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். பெரிய அளவில் சேகரித்தவர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், நீலகிரியின் முதல் கமிஷனர். மலைவாழ் மக்களின் ஆயுதம், நகை, பாத்திரம் முதலியவற்றோடு பழைய ஈமச்சின்னங்களில் கிடைப்பவற்றையும் சேகரிக்க வேண்டும் என்று 1871-இல் கல்கத்தா மியூசியம் கேட்டுக்கொண்டது. பிரீக்ஸ் வேலையில் இறங்கினார். குழி குழியாகத் திறக்கப்பட்டது. பொம்மை மூடிகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலக் கிண்ணங்கள், மணிகள், கொஞ்சம் தங்க நகைகள் வெளியே வந்தன.

1872-இல் பிரீக்ஸ் இறந்துபோனார். அவர் மனைவி சூசன், கணவர் விட்டுப்போன குறிப்புகளைச் சரிபார்த்து 1873-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஊட்டியில் இன்றும் இருக்கும் பிரீக்ஸ் பள்ளி அவர் நினைவாக வந்ததுதான். அவர் சேகரித்தவற்றில் பெரும்பகுதி சென்னை மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. நீலகிரிப் பொருட்கள் சில லண்டனுக்கும் போயின.

அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. பலர் திறந்து பார்த்துவிட்டுப் போன இடத்தில், அவர் எழுதி வைத்தார். இருந்தாலும் அந்தக் காலத்து வழக்கப்படி குழியைத் திறந்து, நல்ல பொருளை எடுத்து, பட்டியல் போடுவதுதான் வேலை. எந்த மண் அடுக்கில் எது கிடந்தது என்று அங்குலம் அங்குலமாகக் குறிக்கும் முறை அப்போது வரவில்லை. அதன் விளைவை இன்றும் பார்க்கலாம். இந்த எருமைப் பொம்மையைச் செய்தவர்கள் யார், எந்த நூற்றாண்டு என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் சொல்லும் காலத்துக்கும் இன்னொருவர் சொல்வதற்கும் நூற்றாண்டுக் கணக்கில் இடைவெளி. எருமை முறைத்துப் பார்க்கிறது. பதில் சொல்ல மாட்டேன் என்கிறது.

பல்லாவரத்துப் பேழை

சென்னைக்காரர்களின் சொந்தக் கதைக்கு வருவோம். அதே மியூசியத்தில் சுட்ட மண்ணால் ஆன ஒரு நீளமான தொட்டி இருக்கிறது. அடியில் வரிசையாகக் குட்டையான கால்கள். முதலில் பார்க்கிற பிள்ளைகள் அதை மாட்டுத் தொட்டி என்றுதான் நினைப்பார்கள். அது ஈமப்பேழை. இறந்தவரின் எலும்புகளை வைத்துப் புதைத்த மண் பெட்டி. 1880-களின் இறுதியில் அலெக்சாண்டர் ரே என்ற தொல்லியல் அதிகாரி பல்லாவரத்தில் இத்தகைய பேழைகளைக் கண்டெடுத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. இப்போதைய ஆந்திராவின் கடப்பா மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்த பேழையோ ஒரு விலங்கின் வடிவத்திலேயே இருக்கிறது. பேழையே பொம்மை, பொம்மையே பேழை.

பின்னால் இதே ரே, தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தோண்டினார். அங்கே முதுமக்கள் தாழிகளோடு வெண்கலப் பாத்திரங்கள் கிடைத்தன. அவற்றின் மூடிகளிலும் எருமை, பறவை என்று உருவங்கள்! அவையும் எழும்பூரில் இருக்கின்றன. 1876-இல் ரேவுக்கு முன்பே அங்கு வந்து தோண்டிய ஜெர்மானியர் யாகோர், தான் எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். ஒரே இடுகாட்டுப் பொருட்களைப் பார்க்க இரண்டு கண்டங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆதிச்சநல்லூரில் நம் காலத்தில், 2004-இல், நடந்த அகழாய்வில் கிடைத்த ஒரு தாழியில் பெண், மான், நெற்கதிர், கொக்கு, முதலை எல்லாம் மண்ணால் செய்து ஒட்டப்பட்டிருந்தன. இந்த முறை, கிடைத்த இடமும் ஆழமும் குறிப்பில் ஏறின.

தாழி என்றதும் புறநானூற்றுப் பாட்டு ஒன்று நினைவுக்கு வரும். கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவரிடம் போய், தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய்யுங்கள், எனக்கும் அதில் இடம் வேண்டும் என்று கேட்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானையைப் பார்க்கும்போது அந்தக் குரலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாழிக்குப் பின்னாலும் அழுத ஒரு வீடு இருந்திருக்கிறது.

ஊர்ப் பெயர் எழுதிவைத்தவர்

சேகரிப்பதில் இன்னொரு வழியும் உண்டு. அதற்கு ஆள் இராபர்ட் புரூஸ் ஃபூட். மண்ணியல் துறையில் வேலை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக்கல் குழி ஒன்றில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அது இயற்கையாக உடைந்த கல் இல்லை, மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று கண்டுகொண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். சென்னீர்குப்பமும் அதே மாவட்டம்தான்.

ஃபூட் நாற்பது ஆண்டுகள் போன இடமெல்லாம் பொறுக்கினார். உடைந்த ஓடு, சில்லுக் கல் என்று கடையில் காலணாவுக்குப் போகாத பொருட்கள். ஆனால் எந்த ஊர், எந்த ஓடைக்கரை, எந்த மேடு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்தார். 1904-இல் சென்னை மியூசியம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. அவர் 1912-இல் இறந்தார். அவர் எழுதிய விரிவான குறிப்புகள் 1916-இல் அச்சில் வந்தன. மாவட்டம் மாவட்டமாக, ஊர் ஊராக அடுக்கிய பட்டியல். பிரீக்ஸ் கொண்டுவந்த நீலகிரிப் பொம்மைகளையும் எண்ணிட்டு, 1901-இல் வந்த மியூசியப் பட்டியலில் சேர்த்து விவரித்தவர் அவரே. இன்றைக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஊர்களைத் தேடிப் போகிறார்கள்.

கோடி ரூபாய்க் குதிரைக்கு ஊர் தெரியாது. ஃபூட்டின் சில்லுக் கல்லுக்கு ஊர் தெரியும். படிப்பவர்களுக்கு எது பெரிய சொத்து?

ஒரு பழம்பொருளில் பாதி அந்தப் பொருள். மீதிப் பாதி அது கிடந்த இடம். இடத்தைத் தொலைத்துவிட்டுப் பொருளை மட்டும் காப்பாற்றினால், பெயர் ஊர் சொல்லத் தெரியாத குழந்தையைத் திருவிழாக் கூட்டத்திலிருந்து தூக்கி வந்த மாதிரி ஆகிவிடும்.

கடப்பாரை சத்தம் மாறினால்

திரும்பும் பஸ்ஸில் இதை யோசிக்க நேரம் நிறைய இருக்கும்; சாயங்காலம் மதுரவாயல் சிக்னல் அதற்கு வசதி செய்து தரும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்கள் பழைய ஈமக்காடுகள் நிறைந்தவை. கல்வட்டம், தாழி, ஈமப்பேழை எல்லாம் இந்தப் பக்கத்து மண்ணுக்குப் புதிதல்ல. திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டரைப்பெரும்புதூரில் 2015-16-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வே நடத்தியது. வீட்டு மனைகள் பெருகப் பெருக, அங்கே ரயில் பாதை செய்த வேலையை இங்கே ஜேசிபி செய்துகொண்டிருக்கிறது.

வீட்டுக்கோ கிணற்றுக்கோ தோண்டும்போது கடப்பாரைச் சத்தம் மாறி, பெரிய பானை விளிம்போ, கால் வைத்த மண் தொட்டியோ, கறுப்பு-சிவப்பு ஓடுகளோ, சின்னப் பொம்மையோ கண்ணில் பட்டால் என்ன செய்வது?

வேலையை அந்த இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். பானைக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். எலும்பும் தானியமும் அதில்தான் இருக்கும். இருக்கிற நிலையிலேயே செல்போனில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ, செங்கல்லையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ சொல்லுங்கள். அவர்கள் வழியாக மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் போகும்.

சொன்னால் வீட்டையே எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில்தான் பலரும் மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். சட்டம் கேட்பது தகவலை. மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளைப் பற்றி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்திலிருந்தே இருக்கிறது. ‘நாமே வைத்துக்கொண்டால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பதில் சொல்கிறது. நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. சுடுமண் சிற்பம் போன்றவற்றை வீட்டில் வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும்.

சேகரிக்கும் ஆசை இருக்கும் பிள்ளைகளைத் தடுக்கவும் வேண்டாம். கொலு பொம்மையிலிருந்தே தொடங்கலாம். இந்த மரப்பாச்சி யார் கல்யாணத்துக்கு வந்தது, இந்தச் செட்டியார் பொம்மை எந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது என்று பாட்டியிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டச் சொல்லுங்கள். ஃபூட் செய்ததும் அதைத்தான். ஷோகேஸில் நிற்கும் பீங்கான் குதிரைக்கும் ஒரு சீட்டு ஒட்டலாம்: ‘தாங் குதிரையின் நகல், பரிசாக வந்தது, இன்ன வருஷம்.’ நகலாக இருந்தாலும் ஊரும் பேரும் இருக்கட்டுமே!

சென்னீர்குப்பத்தில் இறங்கும்போது இருட்டியிருக்கும். ஜேசிபி வேலை முடிந்து ஓரமாக நிற்கும். காலையில் ஆழமில்லாமல் இருந்த குழி இப்போது இடுப்பளவு. தெருவிளக்கு வெளிச்சத்தில் உள்ளே ஈரமண் தெரியும். அதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். எதற்கும், போகிற போக்கில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.